மாமாவின் ஜீப்பும் ஒரு ‘டொக்’கும்

உங்கள் மாமா யாராவது பழைய ஜீப் வைத்திருக்கிறாரா? இல்லையென்றால் நீங்கள் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தவர். தாராளமாக அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போகலாம். வைத்திருக்கிறார் என்றால் கொஞ்சம் இருங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் மாமாவுக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி. நான் மதுரையில் இருக்கிறேன். பத்திரிகைகளுக்கு எழுதுகிற நேரம் போக, சொந்தக்காரர்களுக்கு ஓசியில் கணக்கு எழுதிக் கொடுப்பதும் என் தொழில். பி.காம். படித்ததற்கு இந்தத் தண்டனை. மாசத்துக்கு ஒரு தடவை விருதுநகர் போய், மாமாவின் தகரப் பெட்டியிலிருந்து பில்களை அள்ளி, ஒவ்வொன்றையும் வவுச்சரில் பசை போட்டு ஒட்டி, தேதி வாரியாக அடுக்கிவிட்டு வருவேன். கூலி: ராத்திரி எண்ணெயில் முக்கிப் பொரித்த விருதுநகர் பரோட்டா. இந்தப் பசை விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

விருதுநகருக்கு 1923 வரை விருதுபட்டி என்று பேர். தன் மண்ணில் விளையாத பொருளுக்கும் விலை சொல்லும் ஊர். பேப்பரில் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று வரும் பாருங்கள்... துவரம்பருப்பும் நல்லெண்ணெயும் வத்தலும் அன்றைக்கு என்ன விலை என்று அங்கே ஒருத்தர் சொன்னால்தான் மற்ற ஊர்க்காரர்கள் கடையைத் திறப்பார்கள்.

வத்தல் வியாபாரிக்கு எதற்கு ஃபோர் வீல் டிரைவ் ஜீப் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். “ஒரு மழை பெய்யட்டும், அப்புறம் கேளு மாப்ளே” என்றார் மாமா. இந்தப் பக்கம் முழுக்கக் கரிசல். வெயில் காலத்தில் காலை உள்ளே விட்டால் முழங்கால்வரை போகிற அளவுக்கு வெடிப்பு. மழை பெய்தால் அதே மண் அல்வா. செருப்பு ஒரு கிலோ, ஒன்றரை கிலோ என்று எடை ஏறிக்கொண்டே போகும். காட்டுக்குள் போய் வத்தலைப் பார்த்து விலை பேசிவிட்டுத் திரும்ப வேண்டும் என்றால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிதான் லாயக்கு.

ஜீப் என்பதே யுத்தத்துக்குப் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக ஓடிய வில்லிஸ் ஜீப்பை, 1947 முதல் பம்பாயில் மகேந்திரா கம்பெனி பூட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. மாமாவின் வண்டி அந்த வம்சத்தில் வந்த கொள்ளுப்பேரன். முன்னால் ஒரே துண்டாக ஒரு இரும்பு அச்சு. அதை இரண்டு பக்கமும் கமான் பட்டை தாங்குகிறது. பாட்டன் காலத்து வில்வண்டி மாதிரி சமாசாரம்தான். இன்ஜினும் ஸ்டியரிங்கும் மட்டும் உபரி.

இப்படிப்பட்ட வண்டியில் ஒரு நாள் புதிதாக ஒரு சத்தம் வந்தது.

‘டொக்.’

அவ்வளவுதான். ‘கடகட’ இல்லை. ‘கிரீச்’ இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போன மாதிரி, முன்பக்கத்திலிருந்து ஒரு டொக். காலையில் வண்டியை எடுத்துத் தெருமுனையில் பிரேக்கை மிதித்தால் டொக். அப்புறம் கடைத்தெரு, ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு என்று எங்கே சுற்றினாலும் சத்தமே இருக்காது. மறுநாள் காலையில் மறுபடி ஆஜர்.

மாமா மெக்கானிக்குகளிடம் போனார்.

முதல் மெக்கானிக் முன்பக்கத்தை நாலு அமுக்கு அமுக்கினார். வண்டி குதித்தது. “ஷாக் அப்சார்பர் போயிருச்சு அண்ணாச்சி.” இரண்டு புது ஷாக் போட்டார். வண்டி குதிப்பது நின்றது. டொக் நிற்கவில்லை.

இரண்டாமவர் கொஞ்சம் படித்தவர். ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடினால் வீல் பேரிங் அல்லது கிங் பின் என்று அர்த்தமாம். ஆடவில்லை. இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். லேசாக ஆடியது. “டை ராட் எண்ட்!” என்றார், திருடனைப் பிடித்த ஏட்டு மாதிரி. அதையும் மாற்றியாயிற்று. ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி ஆனது. டொக் அப்படியே.

மூன்றாமவர் வந்தவுடனேயே சிரித்தார். “ஃபோர் வீல் வண்டியில முன்னாடி சத்தம்னா வேற என்ன அண்ணாச்சி? புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட்தான்.” மாற்றினார். பில் கொடுத்தார். டொக் கொடுத்தது வண்டி.

நாலாமவர் ஒரு காரியம் செய்தார். முன்பக்கத்து ஷாஃப்ட்டையே கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்த்தார். அப்போதும் டொக் வந்தது. “ஷாஃப்ட்டே இல்லாம சத்தம் வருது. அப்ப சத்தம் ஷாஃப்ட்ல இல்ல. வேற எங்கன்னு எனக்குத் தெரியல அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். நாலு பேரில் ‘தெரியல’ என்று சொன்னவர் அவர் ஒருத்தர்தான். கும்பிடப்பட வேண்டியவர்.

ஆக மொத்தம் செலவு 14,200 ரூபாய். கணக்கு எழுதினது நான்தானே!

இந்த மெக்கானிக்குகளைக் குறை சொல்ல முடியாது. பட்டறை வாசலிலிருந்து நேராக ஓட்டிப்போய் நாலு தடவை பிரேக் அடித்துப் பார்ப்பார்கள். டாக்டர் முன்னால் ஜுரம் இறங்கிவிடுகிற குழந்தை மாதிரி வண்டி சமர்த்தாக இருக்கும். அந்த நாலாமவருக்கு மட்டும் ஏதோ இரக்கப்பட்டு ஒரு தடவை சத்தம் கொடுத்தது. திரும்புவதற்காக ரிவர்ஸ் எடுத்தால் சில சமயம் ஒரு டொக் கேட்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது எல்லோரும் பின்னால் பார்த்துக்கொண்டு “வா வா வா” என்று கத்திக்கொண்டிருப்பார்களே, முன்னால் கேட்கிற சத்தத்தை யார் கவனிப்பது?

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். டிரையல் பேலன்ஸில் இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை என்றால், வித்தியாசத்தைத் தற்காலிகமாக ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ என்று ஒரு கணக்கைத் திறந்து அதில் போட்டு வைப்போம். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கிறவரை அங்கே கிடக்கும். சில ஆபீஸ்களில் ரிட்டயர் ஆகும்வரை கிடக்கும். மாமாவும் அதையேதான் செய்தார். சஸ்பென்ஷன் சத்தத்தைச் சஸ்பென்ஸில் போட்டுவிட்டு, டேப்பில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டார். “இப்ப கேக்குதா? கேக்கல்ல?”

பேரனுக்குக் காது குத்து வந்தது. மாமா பெண்ணின் பிள்ளை, பதினோரு மாசம். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் மொட்டை, காது குத்து, கிடா விருந்து. குழந்தையும் அத்தையும் ஜீப்பில்தான் போவதாக ஏற்பாடு. அத்தை மட்டும் முகம் சுளித்தாள்: “அந்த டொக்டொக் வண்டியிலயா? சாமி காரியத்துக்குப் போறப்ப அபசகுனமாத் தட்டிக்கிட்டே வருது.”

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “மாப்ளே, ஞாயித்துக்கிழமைக்குள்ள சத்தம் நின்னா வண்டி உனக்கு. நிக்கலேன்னா திங்கக்கிழமை காயலான் கடைக்கு.”

என் வாகன ஞானம், ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரைச் சாய்த்து நிமிர்த்துவதோடு முடிந்துவிடும். ஆனாலும் ஓசி ஜீப் என்றதும் சரி என்றுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை, சிவகாசிக்குப் போய்ப் பத்திரிகை வாங்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது. சிவகாசியில் அச்சடிக்காத காது குத்துப் பத்திரிகை செல்லாது என்பது மாமாவின் கட்சி. ஆமத்தூர், திருத்தங்கல் வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். டேப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். தெருமுனையில் ‘டொக்.’ அப்புறம் மௌனம். ஸ்டியரிங்தான் பிரேக் அடிக்கும்போதெல்லாம் லேசாக இடது பக்கம் இழுத்தது. “வயசான வண்டி, அப்படித்தான் இழுக்கும்” என்று மாமா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அந்த ரோட்டை நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கறுப்பு மண், சீமைக் கருவேலம், அங்கங்கே பனை. மழை ஏமாற்றுகிற பூமி. விவசாயத்துக்குச் சாபமான அதே வறண்ட காற்றுதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் வரமாகிவிட்டது. ஈரம் இல்லாததால் மருந்து சீக்கிரம் காயும். பேப்பர் நமத்துப் போகாது. சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் 1922-ல் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். பட்டாசும் அச்சகமும் அதன் பின்னாலேயே வந்தன. இன்றைக்கு இந்தியாவில் வெடிக்கிற பட்டாசில் பெரும் பகுதி இந்தக் கரிசலிலிருந்துதான் போகிறது.

திருத்தங்கல்லில் பெருமாள் குன்றின் மேல் நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தாண்டினால் சிவகாசி. காலண்டர், டைரி, தீப்பெட்டி லேபிள். ஊரே பேப்பரும் மையுமாக மணக்கிறது.

அச்சகத்தில் பத்திரிகை தயாராக இருந்தது. முதல் புரூஃபில் ‘காதணி விழா’ என்பது ‘காதலி விழா’ என்று வந்து, நான் திருத்தி அனுப்பியிருந்தேன். பதினோரு மாசப் பையனுக்கு இது அதிகம் அல்லவா? இந்தத் தடவை சரியாக இருந்தது.

முதல் பத்திரிகையை மாமாவின் பால்ய நண்பருக்குக் கொடுக்க வேண்டும். அவருக்கு வெம்பக்கோட்டை ரோட்டில் சின்னதாக ஒரு பட்டாசு ஆலை. போனேன். பேச்சு சுவாரசியத்தில், அதாவது எனக்கு நானே பேசிக்கொண்டு போனதில், கேட்டைத் தாண்டிவிட்டேன். ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினேன். ‘டொக்.’ முன்னால் வந்து கேட் வாசலில் பிரேக் அடித்தேன். ‘டொக்.’

“அங்கிட்டே நிறுத்துங்க தம்பி!”

வாட்ச்மேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காக்கிச் சட்டை, வெறுங்கால். இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு வழியில் நின்றார்.

“வண்டி உள்ள வராது.”

“ஐயா, முதலாளிக்குப் பத்திரிகை கொடுக்கணும்...”

“நீங்க போங்க. செல்போன், தீப்பெட்டி இருந்தா இங்கிட்டு வச்சுட்டுத் தாராளமாப் போங்க. வண்டி வராது. இரும்பும் இரும்பும் மோதுது.”

“பழைய வண்டி ஐயா. அது அப்படித்தான்.”

“பழைய வண்டின்னா முனகும் தம்பி. இது மோதுது.”

எனக்குச் சுருக்கென்றது. நாலு மெக்கானிக், ஒரு மாமா, ஒரு பி.காம். இத்தனை பேரும் ‘அது அப்படித்தான்’ என்று விட்டுவிட்ட சத்தத்துக்கு ஒரு மனிதர் கேட்டைச் சாத்துகிறார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். வேப்ப மரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகள். ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் போகக்கூடாது. ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. மருந்து இருக்கிற இடத்தில் இரும்புச் சாமான் ஆகாது. ஒரு பொறி, ஒரு உரசல் போதும். இந்த விதிகளை மீறின இடங்களில் என்ன நடந்தது என்று நாம் பேப்பரில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் முப்பது பேருக்கு மேல் ஒரே நாளில் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சன்குளத்தில் மறுபடியும் சாவு. இந்த ஊர்க்காரர்கள் அதையெல்லாம் மறக்க முடியாது.

சத்தத்தை அளந்து விற்கிற ஊர் வேறு இது. வெடித்த இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று 1999-லேயே விதி போட்டுவிட்டார்கள். 2018-ல் சுப்ரீம் கோர்ட் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டது. விற்கிற சத்தத்தை இப்படி அளக்கிறவர்கள், வேண்டாத சத்தத்தை மட்டும் சும்மா விட்டுவிடுவார்களா?

பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், பெரியவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜீப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவராம். பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகாத ஊர் இல்லையாம்.

“எப்ப வருது சத்தம்? பள்ளத்துலயா, பிரேக் அடிச்சாலா?”

“பிரேக் அடிச்சா. அதுவும் காலையில ஒரு தடவைதான்.”

“ராத்திரி வண்டியை எப்படி விடுவீக? ரிவர்ஸ்லயா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாவின் தெரு குறுகல். தினமும் ராத்திரி ரிவர்ஸில் வந்து, சுவருக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் அடித்துத்தான் நிறுத்துவார்.

“அப்பச் சரி. முன்னால போய் ஒரு பிரேக் அடிங்க.”

போனேன். அடித்தேன். சத்தம் இல்லை. கேட் வாசலில்தான் ஏற்கெனவே ஒரு தடவை ஆகிவிட்டதே.

“இப்ப ரிவர்ஸ் வந்து அடிங்க.”

‘டொக்.’

“முன்னால.”

‘டொக்.’

“மறுபடி முன்னால.”

சத்தம் இல்லை.

நாலு மாசமாக யாருக்கும் பிடிபடாத ரகசியம், நாலு தடவை பிரேக் அடித்ததில் வெளியே வந்துவிட்டது. ஏதோ ஒன்று முன்னால் நகர்கிறது, அல்லது பின்னால் நகர்கிறது. ஒரு பக்கம் போய் முட்டிவிட்டால் அங்கேயே இருக்கும். எதிர்ப்பக்கம் பிரேக் அடித்தால்தான் திரும்பி வரும். மெக்கானிக்குகள் எல்லோரும் முன்னால் போய், முன்னால் போய் பிரேக் அடித்துப் பார்த்ததால்தான் அது அகப்படவில்லை.

பெரியவர் லாரி நம்பர் குறிக்கிற சாக்பீஸை எடுத்து வந்தார். இடது பக்கம் கமான் பட்டையும் அச்சும் சேர்கிற இடத்தைத் துணியால் துடைத்து, இரண்டின் மேலும் சேர்ந்தாற்போல நேராக ஒரு கோடு போட்டார். வலது பக்கமும் அதே மாதிரி ஒன்று. ரிவர்ஸ் போய் பிரேக் அடித்துவிட்டு இறங்கிப் பார்த்தேன். வலது பக்கக் கோடு போட்டபடியே இருந்தது. இடது பக்கக் கோடு இரண்டாக வெட்டுப்பட்டு, அரை விரல் அகலத்துக்கு விலகி நின்றது.

எனக்குக் கேட்டதோ வலது பக்கம், என் காலுக்கு அடியில்! சேஸிஸ் முழுக்க இரும்புதானே, சத்தம் அதன் வழியாகவே நடந்து வந்துவிடுமாம். கேட்கிற இடம் வேறு, பிறக்கிற இடம் வேறு.

“கடைசியா என்ன வேலை பாத்தீக?”

ஷாக், டை ராட், ஜாயிண்ட் என்று அடுக்கினேன்.

“அதெல்லாம் சத்தம் வந்தப்புறம் பாத்தது தம்பி. சத்தம் வாரதுக்கு முந்தி?”

கணக்கு வாத்தியார் காலேஜில் இதையேதான் சொன்னார்: பேலன்ஸ் உதைத்தால் கடைசியாக ஒத்துவந்த தேதிக்குப் போ, அதற்கு அடுத்து என்ன என்ட்ரி போட்டாய் என்று பார். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஜீப்புக்கு அது பொருந்தும் என்று தோன்றவில்லை.

செல்போனை வாங்கிக்கொண்டு, ரோட்டில் ரொம்ப தூரம் தள்ளிப் போய் மாமாவுக்குப் போன் போட்டேன்.

“சித்திரையில முன்பக்கம் தொங்குதுன்னு கமான் பட்டையைக் கழட்டி வளைவு ஏத்தினோம்ல மாப்ளே.”

“சத்தம் அதுக்கு முந்தியா பிந்தியா?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. “...பிந்திதான்.”

பெரியவர் விளக்கினார். கமான் பட்டைகளை அடுக்கி நடுவில் ஒரு சென்டர் போல்ட் போட்டிருப்பார்கள். பட்டைகளைச் சேர்த்துப் பிடிப்பதும், அச்சு எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று காட்டுவதும்தான் அதன் வேலை. அச்சையும் பட்டையையும் ஆடாமல் இறுக்கிப் பிடிப்பது யு-போல்ட். பட்டையைக் கழற்றி மாட்டினால், கொஞ்ச நாள் ஓடினதும் அடுக்குகள் படிந்து யு-போல்ட் தளர்ந்து போகும். திரும்பப் போய் ஒரு தடவை இறுக்க வேண்டும். இறுக்காவிட்டால் மொத்த வண்டியின் பிரேக் வேகத்தையும் அந்த ஒற்றைச் சென்டர் போல்ட் வாங்கிக்கொள்ளும். அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? துண்டாகிவிட்டது. இப்போது அச்சின் இடது பக்கம் இஷ்டத்துக்கு முன்னும் பின்னும் நகர்கிறது. பிரேக் அடித்தால் வண்டி இடது பக்கம் இழுப்பதும் அதனால்தான்.

“இதோட வேகமாப் போயி ஒரு பள்ளத்துல பிரேக் அடிச்சா என்ன ஆகும்யா?”

“அச்சு ஒரு பக்கமா ஓடிரும். ஸ்டியரிங் உங்க கையில இருக்கும். வண்டி உங்க கையில இருக்காது.”

ஞாயிற்றுக்கிழமை. நாலு வழிச் சாலை. அத்தை மடியில் பதினோரு மாசக் குழந்தை. டேப்பில் சத்தமாகப் பாட்டு.

ஆவணி வெயிலில் எனக்கு உடம்பு சில்லிட்டது.

ஜீப்பிலிருந்த ஸ்பானரை எடுத்துப் பெரியவரே யு-போல்ட் நட்டுகளை இறுக்கினார். ஒவ்வொன்றும் ஒன்றரைச் சுற்று உள்ளே போனது. “இது பட்டறை போறவரைக்கும்தான். பதினஞ்சுக்கு மேல ஓட்டக்கூடாது” என்றார். சைக்கிள்காரர்கள் எல்லாம் என்னை முந்திக்கொண்டு திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கவலைப்படவில்லை.

சிவகாசியில் லாரிக்குக் கமான் பட்டை வேலை செய்கிற ஒரு பட்டறை. மேஸ்திரி சேஸிஸைத் தூக்கி முட்டுக் கொடுத்துக் கட்டைப் பிரித்தார். சென்டர் போல்ட் இரண்டு துண்டாகக் கையில் வந்தது. முறிந்த இடத்தில் பாதி துருப்பிடித்திருந்தது, பாதி பளபளவென்று இருந்தது. “பாதி முறிஞ்சே ரொம்ப நாளா ஓடியிருக்கு” என்றார். புது போல்ட், புது நட்டுகள். போல்ட்டின் தலை அச்சிலுள்ள குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தார். சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டியின் கனம் பட்டையில் விழுந்த பிறகு, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி நட்டுகளை இறுக்கினார். கூலியும் சாமானும் சேர்த்து 950 ரூபாய்.

ரிவர்ஸ், பிரேக். முன்னால், பிரேக். ஒன்றும் இல்லை. அந்த நிசப்தம் இருக்கிறதே, அது காதுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

மேஸ்திரி பில்லை நீட்டினார். “500 கிலோமீட்டர் ஓடினதும் வந்து ஒரு தடவை இறுக்கிட்டுப் போங்க சார். பின்னாடி எழுதியிருக்கேன்.”

பின்னாடி.

அந்த வார்த்தை திருத்தங்கல் தாண்டி, ஆமத்தூர் தாண்டி, விருதுநகர்வரை என் கூடவே வந்தது. மண்டிக்குள் நுழைந்ததும் யாரிடமும் பேசாமல் சித்திரை மாச ஃபைலை எடுத்தேன். கமான் பட்டை வேலைக்கான பில் வவுச்சரில் ஒட்டியிருந்தது. நேர்த்தியாக, மூலை மடங்காமல், நாலு ஓரமும் பசை போட்டு ஒட்டியிருந்தது. ஒட்டினவன் நான்.

அத்தையிடம் கேட்டு, கொதிக்கிற இட்லிக் கொப்பரையின் ஆவியில் காட்டி மெல்ல உரித்தேன். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது: ‘500 கி.மீ. ஓடிய பின் வந்து யு-போல்ட் டைட் செய்யவும்.’

அந்தப் பட்டறைக்காரர் ஒழுங்காகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமா மடித்துப் பெட்டியில் போட்டார். நான் படிக்காமல் ஒட்டினேன். நாலு மெக்கானிக்குகளும் 14,200 ரூபாயும் சேர்ந்து வண்டிக்கு அடியில் தேடின விஷயம், என் ஃபைலில் பசைக்கு அடியில் இருந்திருக்கிறது.

மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

“அப்ப அந்த 14,200-ஐ உன் பேர்ல பற்று எழுதிரலாமா மாப்ளே?”

எழுதிவிட்டேன். மாசத் தவணையில் கழிந்துகொண்டிருக்கிறது. ஜீப் மட்டும் சொன்னபடி எனக்குத்தான். மாமா வாக்குத் தவறாத வியாபாரி.

ஞாயிற்றுக்கிழமை இருக்கன்குடி போனோம். சாத்தூரில் சேவு வாங்க ஒரு தடவை நிறுத்தினோம். வழி முழுக்க டேப் போடவில்லை. அத்தை இரண்டு தடவை “என்ன, சத்தத்தையே காணோம்?” என்று கேட்டுவிட்டுக் குழந்தையோடு தூங்கிவிட்டாள். ஆற்றங்கரையில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். பையன் போட்ட கூச்சலை 4 மீட்டர் தூரத்தில் வைத்து அளந்திருந்தால் சுப்ரீம் கோர்ட்டுக்கே போயிருக்கும்.

வாட்ச்மேன் பெரியவருக்கும் பத்திரிகை வைத்திருந்தேன். வெளுத்த வேட்டி சட்டையில், பஸ் பிடித்து வந்திருந்தார். முதலில் குழந்தையைப் பார்க்கவில்லை. பந்திக்கும் போகவில்லை. நேராக ஜீப்பிடம் போய்க் குனிந்து, இடது சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சாக்பீஸ் கோடு இரண்டு பக்கமும் நேராக இருந்தது.

“எவ்வளவு ஓடியிருக்கு தம்பி?”

“நூத்தி இருபது ஐயா.”

“அப்ப இன்னும் 380 இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.